பூட்டிய இல்லத்துக்குள் இரண்டு கூடை புத்தகங்கள்

நீதிமன்றக் கட்டளையின் பேரில் இல்லமொன்றில் தங்கவைக்கப்பட்டிருக்கும் பதின்ம வயதுப் பையன்களுக்காக, வன்னியிலுள்ள பொது நூலகம் ஒன்று இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை சனிக்கிழமைகளில் நடத்திவரும் வாசிப்பு நிகழ்ச்சியைப் பற்றிய மதிப்பீடு இது. நூலகத்தின் பெயரையும் இல்லத்தின் பெயரையும் எழுதாமல் விடுகிறேன். சிறுவர் நீதிமன்றத்தின் முன் வந்த பிள்ளையின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பதற்குச் சட்டத்திலேயே ஏற்பாடு இருக்கிறது; வன்னியைப் போல ஆளுக்கு ஆள் தெரிந்த இடத்தில், இல்லத்தின் பெயரைச் சொன்னால் அங்கிருக்கும் பிள்ளையின் வீட்டுப் படலை வரை கதை போய்ச் சேர்ந்துவிடும். பெயர் சொல்லாத சேவைக்கு மதிப்பீடு எதற்கு என்று கேட்கலாம். இதே போன்ற ஒன்றைத் தங்கள் பிரதேசத்தில் தொடங்க எண்ணும் நூலகர்களுக்கும், நன்னடத்தை உத்தியோகத்தர்களுக்கும், புத்தகம் கொடுத்துதவ நினைப்போருக்கும் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

சாப்பாட்டுக் கடையில் சோறு குழைந்திருந்தால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போகலாம். இந்தச் சேவையைப் பெறுகிற பையனுக்கு வேறு கடை கிடையாது. எழுந்து வெளியே போகவும் முடியாது. ஆகவே எத்தனை புத்தகங்கள் வந்தன, எத்தனை பேர் மண்டபத்தில் இருந்தார்கள் என்ற கணக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு பையன் தனக்கு வேண்டிய புத்தகத்தைத் தானே எடுக்கிறானா, பிடிக்காததை வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க அவனால் முடிகிறதா என்ற ஒன்றையே அளவுகோலாக வைத்துப் பார்த்தேன். அந்த அளவுகோலில் இந்தச் சேவை பெரும்பாலும் தேறுகிறது. தேறாத இடங்களும் இருக்கின்றன. அவற்றுள் சில நூலகத்தின் கையில் இல்லாதவை.

பையன்கள் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இலங்கையில் இவ்விடயத்துக்கு அடிப்படையாக இன்றுவரை இருப்பது 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். சிறுவரையும் இளம் ஆட்களையும் பற்றியது. தண்டனைச் சட்டக் கோவைக்கு 2018 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்த எதுவும் குற்றமாகாது. அதற்கு முன் அந்த எல்லை 8 வயதாக இருந்தது. குற்றத்தில் அகப்பட்ட பிள்ளைகளை நீதிமன்றம் அனுப்பிவைக்கும் சான்றுபெற்ற பாடசாலை வடக்கில் அச்சுவேலியில் இருக்கிறது. வன்னிப் பிள்ளை அங்கு அனுப்பப்பட்டால் பெற்றோர் ஆனையிறவைக் கடந்து, பேருந்து மாறிப் போய்த்தான் பார்க்க வேண்டும். நான் எழுதும் இல்லம் வன்னிக்குள்ளேயே இருக்கிறது. வழக்குத் தவணைக்காகக் காத்திருப்பவர்கள், வீட்டுக்கு அனுப்பினால் பாதுகாப்பில்லை என்று நீதவான் கருதியவர்கள், பாடசாலையை விட்டு வேலைக்குப் போன இடத்தில் ஏதோ ஒரு களவில் அகப்பட்டவர்கள் எனப் பலரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். இப்போது 15, 16 வயதிலிருக்கும் இவர்கள் 2009 மே மாதத்தில் போர் முடிந்ததை ஒட்டியோ அதன் பின்னரோ பிறந்தவர்கள். போரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் பிறந்ததாகச் சொல்லும் பையன்களும் உண்டு.

நிகழ்ச்சி நடக்கும் விதம் எளிமையானது. நூலக உத்தியோகத்தர் ஒருவரும் தொண்டர்கள் இருவரும், மரக்கறிச் சந்தையில் பயன்படும் பெரிய பிளாஸ்ரிக் கூடைகள் இரண்டில் புத்தகங்களை அடுக்கி முச்சக்கர வண்டியில் கொண்டு வருகிறார்கள். வாசலில் காவலர் ஒவ்வொரு புத்தகத்தையும் உதறிப் பார்த்த பின்னரே கூடைகள் உள்ளே போகும். மண்டபத்து மேசைகளை ஒன்றாகத் தள்ளி, எல்லாப் புத்தகங்களின் அட்டையும் மேலே தெரியும்படி பரப்பி வைப்பார்கள். முதலில் சிறிது நேரம் ஒருவர் உரத்து வாசிப்பார். அதன் பின்னர் பையன்கள் மேசையைச் சுற்றி நடந்து புத்தகம் தெரிவார்கள். எஞ்சிய நேரம் பேச்சு. ஒருவருக்கு ஒரு தடவையில் இரண்டு புத்தகங்கள். பழையதைத் திருப்பிக் கொடுக்கும்போது அதை முடித்தாயா என்று எவரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்கக்கூடாது என்பதை அந்த உத்தியோகத்தர் புதிய தொண்டர்களுக்கு முதல் நாளே சொல்லி விடுகிறார். விசாரணையிலேயே நாட்களைக் கழிக்கும் பையனிடம் இன்னொரு கேள்வியைக் கேட்காமல் விடுவது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை, இரண்டாம் தடவை வரும்போது அவன் மேசைக்கருகில் நிற்கும் விதத்திலேயே காணலாம்.

நான் அங்கு போவது புத்தகம் கட்டத் தெரிந்தவன் என்ற முறையில். பாடசாலை நூலகத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உள்ளே கம்பி போகக்கூடாது என்பது இல்லத்தின் விதி என்பதால், கம்பி அடித்த சஞ்சிகைகளையும் மெல்லிய நூல்களையும் பிரித்து, கம்பியைக் கழற்றி, நடுமடிப்பில் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்துக் கொடுப்பது என் வேலை. சுருள்கம்பி போட்ட கையேடுகளுக்கும் அதே வைத்தியம். தடித்த மட்டை கட்டிய புத்தகங்களும் அனுமதிக்கப்படுவதில்லை. மட்டைக்குள் எதையாவது மறைத்துவிடலாம் என்ற பயம். அவற்றின் மட்டையை உரித்து மெல்லிய அட்டை போட வேண்டியிருக்கிறது. சலிப்பான வேலைதான். ஆனால் மாரி காலத்து ஈரத்தில் கம்பி துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும், நூல் தையல் அப்படிச் செய்யாது. எங்கள் ஊர் நூலகங்கள் எல்லாவற்றுக்குமே இந்த விதி வந்தால் நல்லது என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றுவதுண்டு.

பையன்களின் வாசிப்புத் திறனைப் பற்றிப் பேசாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. தரம் 7, 8 உடன் பாடசாலையை விட்டவர்கள் பலர். அவர்களில் ஒரு பகுதியினர் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். கொம்பும் அரவும் சேர்ந்து வரும் எழுத்தில் நின்றுவிடுவார்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட ஆட்டுக்குட்டிக் கதையை 15 வயதுப் பையனிடம் நீட்டினால், பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடுவான் என்ற வெட்கத்தில் அவன் அதைத் தொடவே மாட்டான். அந்த வயதுக்குரிய விடயமும் எளிய வாக்கியமும் சேர்ந்த தமிழ் நூல் தேடினால் கிடைப்பது அரிது. தமிழ்ப் பதிப்புலகம் பாலர் கதையிலிருந்து ஒரே பாய்ச்சலில் பெரியவர்களின் நாவலுக்குப் போய்விடுகிறது. இடையில் உள்ள வயதுக்குப் பரீட்சை வழிகாட்டிகளும் பொது அறிவு வினாவிடைகளுமே மிஞ்சுகின்றன. தமிழகத்திலிருந்து வருகிற இளையோர் நூல்கள் சில நன்றாக இருந்தாலும், அவற்றில் வரும் பாடசாலையும் பேச்சும் பண்டிகையும் வன்னிப் பையனுக்கு இன்னொரு நாடு. 2022 இல் டொலருக்கு 200 ரூபா அளவிலிருந்த நாணய மதிப்பு சில மாதங்களிலேயே 360 ரூபாவைத் தாண்டிய பின்னர், அந்த நூல்களின் விலையும் சிறிய நூலகங்களுக்கு எட்டாததாகிவிட்டது.

இந்த இடைவெளியை நிரப்ப அவர்கள் கண்டுபிடித்த வழிதான் இந்தச் சேவையில் நான் மிகவும் மெச்சுவது. பையன்கள் வாயால் சொல்லும் கதைகளைத் தொண்டர்களில் ஒருவர் அப்படியே எழுதிக் கொண்டு போகிறார். ஆட்பெயரையும் ஊர்ப்பெயரையும் நீக்கி, பெரிய எழுத்தில் தட்டச்சுச் செய்து, ஏ4 தாளை நடுவே மடித்து, எட்டுப் பக்கம் அல்லது பன்னிரண்டு பக்கத்தில் சிறு நூலாக்கி அடுத்த தடவை கொண்டு வருகிறார்கள். வயலுக்குள் இறங்கிய யானையைத் துரத்தக் காவல் கொட்டிலில் விழித்திருந்த இரவும், யானை வெடி கையில் வைத்தபடி வெடித்த பயமும் ஒரு நூல். குளத்தில் வலை போட்டுப் பிடித்த மீனை விற்ற காசுக்கு என்ன வாங்கினேன் என்பது இன்னொன்று. பழுதான லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தை ஒருவன் எப்படித் திருத்தினான் என்பதை அவன் சொன்ன ஒழுங்கிலேயே எழுதிய நூலொன்று இருக்கிறது. அதில் எந்த வர்ணனையும் கிடையாது, இருந்தும் கூடையில் அதிகம் கசங்கியது அதுதான். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பையனுக்கு, அடுத்து வரப்போகும் சொல் எது என்பது தன் ஊர்ப் பேச்சிலேயே வருவதால் பாதி தெரிந்துவிடுகிறது. மீதிப் பாதியை அவன் எழுத்திலிருந்து பிடித்துக்கொள்கிறான். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் பின்வரிசையில் இருந்தவன் ஒருவன், இரவு படுக்கைக்குப் போகுமுன் மற்றவர்களுக்கு இந்த நூல்களை வாசித்துக் காட்டுவதாக இல்லத்தின் பராமரிப்பாளர் சொன்னார்.

தெரிவு செய்யும் அரை மணி நேரத்தில் எது போகிறது, எது கிடக்கிறது என்பதைப் பார்ப்பது, நூலகத்தில் வேலை செய்த எவருக்கும் நல்ல பாடம். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான வீதிச் சைகைக் கையேட்டுக்கு எப்போதும் போட்டி. 18 வயதாகும்வரை அனுமதிப்பத்திரம் கிடையாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதற்காகவே இப்போதே படித்து வைக்கிறார்கள். வீட்டு மின்னிணைப்பு, கைத்தொலைபேசி திருத்தம், மோட்டார் சைக்கிள் இயந்திரம் பற்றிய நூல்கள் மேசையில் தங்குவதில்லை. பேய்க் கதைகள், கடற்பயணக் கதைகள், அரசர் காலத்துப் போர்க் கதைகள் அடுத்தபடி. உதைபந்தாட்ட வீரர்களின் படம் போட்ட பழைய விளையாட்டுப் பக்கங்களை நான் ஒன்றாகத் தைத்துக் கொடுத்த தொகுப்பு திரும்பி வரும்போது பாதிப் படங்களைக் காணவில்லை; அதை நட்டமென்று எழுத உத்தியோகத்தர் சம்மதிக்கவில்லை. கனவுகளின் பலன் கூறும் நூலொன்றையும் ஒரு பையன் கேட்டிருந்தான். அடுத்த தடவை அதையும் எங்கேயோ தேடிக் கொண்டு வந்தார்கள். எனக்கு அந்த நூலில் மரியாதை இல்லை, ஆனால் கேட்டது வந்தது என்பதால் அந்தப் பையன் அதன் பின்னர் வேறு நூல்களையும் கேட்கத் தொடங்கினான்.

கிடப்பவை எவையென்றால், அன்பளிப்பாக வந்தவை. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால் அந்த மாதத்தில் எல்லோருக்கும் கொடைமனம் பிறக்கிறது. வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து கொண்டு வருகிறார்கள்: பழைய பாடத்திட்டத்தின் சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்கள், கோயில் மலர்கள், சபைகளின் துண்டு நூல்கள், வெற்றி பெறுவது எப்படி என்று சொல்லும் நூல்கள், பெரியோரின் வாழ்க்கையைப் பத்துப் பக்கத்தில் சுருக்கிய நூல்கள். ஒழுக்கம் தவறிய பிள்ளைகளுக்கு ஒழுக்க நூல் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் கொடுப்பவர்களிடம் இருக்கிறது. அந்த எண்ணத்தை அட்டையிலேயே கண்டுகொள்ளும் திறமை பையன்களிடம் இருக்கிறது. உத்தியோகத்தர் இவற்றை மறுக்கத் தயங்குகிறார். கொடுப்பவர் மனம் நோகும், நாளை வேறொன்றுக்கு அவரிடம் போக வேண்டியிருக்கும் என்பது அவருடைய கணக்கு. அதனால் கூடையின் மூன்றில் ஒரு பங்கு இடத்தை எவரும் எடுக்காத நூல்கள் நிரப்புகின்றன. இந்தச் சேவையின் தெளிவான குறை இது. சென்னைப் புத்தகக் காட்சியில் 2023 இல் சிறைத்துறை "கூண்டுக்குள் வானம்" என்ற பெயரில் அரங்கு அமைத்து, சிறை நூலகங்களுக்கான நூல்களைப் பார்வையாளர்களிடமிருந்து பெற்றது. புத்தகக் கடைகளுக்கு நடுவிலேயே கொடைப்பெட்டியை வைத்தால், கொடுப்பவர் வீட்டுக் கழிவைத் தேடாமல் அங்கேயே புதிதாக ஒன்றை வாங்கிப் போட இடமுண்டு. நம்முடைய பிரதேச விழாக்களிலும் அப்படிச் செய்யலாம், கூடவே என்ன வேண்டும் என்ற பட்டியலையும் ஒட்டிவிட்டால்.

பேச்சு நேரத்தைப் பற்றி. உத்தியோகத்தர் நடத்தும் நாட்களில் அது மிக நன்றாக இருக்கிறது. வீட்டை விட்டு ஓடிப்போன பையன் ஒருவன் சில மாதங்களின் பின் திரும்பி வருவதாக அமைந்த சிறுகதையொன்றை அவர் ஒருநாள் வாசித்தார். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பையனே தொடங்கினான்.

"மிஸ், அவன் ஏன் திரும்பி வந்தவன்? தகப்பன் அடிக்கிறவர்தானே."

"நீ என்ன நினைக்கிறாய் தம்பி?"

"தங்கச்சி இருக்கிறாள் எல்லோ. அவளுக்காகத்தான்."

"சும்மா இரடா. பசி, மிஸ். பசிக்குத்தான் வந்தவன். தங்கச்சியாம்."

இதற்கு மேல் நாலைந்து பேர் சேர்ந்து, திரும்பி வந்தவனுக்குத் தகப்பன் சோறு கொடுப்பாரா மாட்டாரா என்று வாதிட்டார்கள். எது சரி என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. கதையில் வரும் பையனைப் பற்றிப் பேசும்போது தன்னைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் ஒருவருக்கும் இல்லை. பேச விரும்பியவன் அந்தப் பையனின் பெயரிலேயே நிறையப் பேசினான். ஆலோசகர்கள் நேரே கேட்டுப் பெற முடியாத பேச்சு இப்படி வருவதைக் கண்டு இல்லத்தின் பணியாளர்களே வியந்தார்கள். தொண்டர்களில் மற்றவர், என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியர், நடத்தும் நாட்களில் நிலைமை வேறு. அவர் நல்ல மனிதர், நன்றாக வாசிப்பார், ஆனால் வாசித்து முடித்த கையோடு இக்கதை கூறும் நீதி யாது என்று கேட்டுவிடுகிறார். மண்டபம் வகுப்பறையாகி, எல்லாத் தலையும் கவிழ்ந்துவிடும். பிறகு ஒரு கெட்டிக்காரப் பையன் அவர் எதிர்பார்க்கும் விடையைச் சொல்லுவான், பேச்சும் அத்துடன் முடியும். தொண்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தாலே இதைத் திருத்தலாம்.

போரைப் பற்றிய நூல் எதுவும் கூடையில் இல்லை. இல்லத்தின் நிர்வாகம் வேண்டாம் என்கிறது, நூலகமும் வற்புறுத்தவில்லை. எந்த நூல் எவருக்கு என்ன நினைவைக் கிளறும், அதைத் தாங்கிப் பிடிக்க அன்றிரவு யார் இருப்பார்கள் என்ற அவர்களுடைய தயக்கம் எனக்குப் புரிகிறது. எனினும் தகப்பனைப் படமாக மட்டும் பார்த்து வளர்ந்த பையன்கள் அங்கிருக்கிறார்கள். தாங்கள் பிறந்த காலத்தில் என்ன நடந்தது என்று அவர்கள் கேட்காமல் இல்லை. இதற்கு ஒரேயடியாகத் தடை போடுவதைக் காட்டிலும், உத்தியோகத்தரும் ஆலோசகரும் முன்கூட்டியே வாசித்துத் தேர்ந்த ஒன்றிரண்டு நூல்களைக் கேட்பவனுக்கு மட்டும் கொடுத்து, அவனுடன் இருந்து பேசலாம் என்பது என் எண்ணம்.

இனி அலுமாரி. கூடைகள் திரும்பிப் போன பின்னும் இல்லத்தில் ஒரு சிறு தொகுதி இருக்கட்டும் என்று நூலகம் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி ஒன்றையும் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களையும் கொடுத்திருக்கிறது. அது பூட்டிக் கிடக்கிறது. திறப்பு பொறுப்பதிகாரியிடம், அவர் விடுமுறையில் இருந்தால் திறப்பும் விடுமுறையில். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1990 டிசெம்பரில் ஏற்றுக்கொண்ட, சுதந்திரம் பறிக்கப்பட்ட இளையோரின் பாதுகாப்புக்கான விதிகளில் 41 ஆவது விதி இதைப் பற்றியே பேசுகிறது. ஒவ்வொரு தடுப்பு நிலையத்திலும், அறிவுக்கும் பொழுதுபோக்குக்கும் ஏற்ற நூல்களும் சஞ்சிகைகளும் போதியளவில் கொண்ட நூலக வசதி இருக்க வேண்டும், அதை முழுமையாகப் பயன்படுத்த இளையோர் ஊக்குவிக்கப்படவும் அதற்கு வழிசெய்யப்படவும் வேண்டும் என்கிறது அது. பொழுதுபோக்கு நூலும் அந்த விதிக்குள் வருகிறது என்பதைக் கொடைமனத்தினரும், வழிசெய்தல் என்பதற்குள் திறப்பும் அடங்கும் என்பதைப் பொறுப்பதிகாரிகளும் கவனிக்கலாம். இரவு ஏழு மணிக்குப் பின் தூங்கும்வரை உள்ள நேரமே அந்தப் பையன்களுக்கு மிக நீளமானது. அந்த நேரத்தில்தான் அலுமாரி பூட்டியிருக்கிறது.

பூட்டுவதற்கு ஒரு காரணமும் உண்டு, அது நூலகத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். அரச நூலகத்தில், வந்து சேரும் நூல்களைப் பதியும் சேர்வுப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் அரச சொத்து. ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் காணாமற்போனால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும், சில வேளைகளில் பணமும் கட்ட வேண்டும். புத்தகம் கிழிந்தாலும் பரவாயில்லை என்று எந்த நூலகரும் மனதார நினைக்க முடியாதபடி இந்த முறை இருக்கிறது. போரில் அழிந்து, 2009 க்குப் பின்னர் தட்டுத் தட்டாகச் சேர்க்கப்பட்ட வன்னி நூலகங்களில் இந்தப் பயம் இன்னும் அதிகம். கூடைகளுக்கு இந்த உத்தியோகத்தர் ஒரு வழி கண்டிருக்கிறார்: கூடையில் வரும் நூல்கள் எவையும் பிரதான பதிவேட்டில் ஏற்றப்படுவதில்லை, அன்பளிப்பு நூல்களுக்கென்று தனிக் கொப்பி வைத்து, தேய்மானம் என்ற பத்தியையும் அதில் சேர்த்திருக்கிறார். காகிதத்தில் செய்த இந்தச் சிறு மாற்றத்தினால்தான் படம் வெட்டிய பையனை மன்னிக்க அவரால் முடிகிறது. அலுமாரி நூல்களையும் அதே கொப்பிக்கு மாற்றினால் திறப்பை மண்டபத்திலேயே தொங்கவிடலாம்.

வாசிப்பை நன்னடத்தை அறிக்கையில் சேர்க்கலாமா என்ற பேச்சு அண்மையில் எழுந்திருக்கிறது. எத்தனை நூல் வாசித்தான், கலந்துரையாடலில் எப்படிப் பங்குபற்றினான் என்று நூலகம் எழுதிக் கொடுத்தால் நீதவானின் முன் பையனுக்கு உதவும் என்பது சொன்னவரின் நல்லெண்ணம். இதற்கு வெளிநாட்டு உதாரணமும் காட்டப்படுகிறது. பிரேசிலில் 2012 இல் தொடங்கிய திட்டத்தின்படி, புத்தகமொன்றை வாசித்து அதைப் பற்றி எழுதிக் கொடுக்கும் கைதிக்கு 4 நாள் தண்டனை குறையும். ஆண்டுக்கு 12 புத்தகம், ஆக 48 நாள் வரை. அது தீர்ப்பளிக்கப்பட்ட கைதிகளுக்கானது; குறைப்பதற்கு அவர்களிடம் ஒரு தண்டனைக் காலம் இருக்கிறது. இங்குள்ள பையன்களில் பலருக்கு வழக்கே முடியவில்லை. அறிக்கையில் ஏறும் என்று தெரிந்த நாளிலிருந்து வீதிச் சைகைக் கையேடு மேசையில் கிடக்கும், பெரியோர் வாழ்க்கை வரலாறுகள் பறக்கும். எழுத்துக் கூட்டுகிறவன் தன் குறை பதிவாகும் என்று கூடைக்கு அருகிலேயே வரமாட்டான். எனக்கு உவப்பான உதாரணம் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் 1991 இல் நீதிபதி ரொபேர்ட் கேனும் பேராசிரியர் ரொபேர்ட் வாக்ஸ்லரும் தொடங்கியது. குற்றவாளிகளாகக் காணப்பட்டவர்களைச் சிறைக்குப் பதிலாகப் பல்கலைக்கழக அறையொன்றில் நடக்கும் இலக்கியக் கலந்துரையாடலுக்கு அனுப்பினார்கள். நீதிபதியும் நன்னடத்தை உத்தியோகத்தரும் அதே நூலை வாசித்துக்கொண்டு வந்து அதே மேசையில் உட்கார்ந்தார்கள். அறிக்கை எழுதுவதை விடுத்து, எங்கள் நன்னடத்தை உத்தியோகத்தர்களும் எப்போதாவது ஒரு சனிக்கிழமை அந்தச் சிறுகதையை வாசித்துவிட்டு வந்து, தகப்பன் சோறு கொடுப்பாரா என்று பையன்களுடன் வாதிடலாம்.

பெண்பிள்ளைகளுக்கு இந்தச் சேவை இல்லை. அவர்கள் தங்கும் இடம் வேறு, தூரமும் வேறு, முச்சக்கர வண்டிக்கு எரிபொருட் செலவைக் கொடுக்க எவரும் முன்வரவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரு மாதத்தின் எரிபொருட் செலவு அப்படியொன்றும் பெரிய தொகையாக இராது.

எல்லாவற்றிலும் பெரிய குறை இல்லத்தின் வாசலுக்கு வெளியே இருக்கிறது. வழக்கு முடிந்து வீட்டுக்குப் போகிற பையன், தான் பாதி வாசித்த நூலைத் தேடி எந்த நூலகத்துக்குப் போவான்? அவனுடைய ஊரிலும் பிரதேச சபையின் நூலகம் இருக்கும். உறுப்புரிமைப் படிவத்தில் பிணையாளர் ஒருவர் ஒப்பமிட வேண்டும். அவர் சோலைவரி செலுத்துபவராகவோ அரச ஊழியராகவோ இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள். மாணவரென்றால் அதிபரின் கையொப்பம் போதும். இவனோ பாடசாலையை விட்டவன். ஊரில் கதை பரவியிருக்கும் நிலையில் இவனுக்காகக் கையொப்பமிட யார் வருவார்கள்? நூலகமொன்றின் மேசையில் இப்படி ஒரு பையன் படிவத்தோடு திரும்பிப் போனதை நான் கண்டேன். அங்கிருந்தவர் கடுமையாக எதுவும் பேசவில்லை, விதியைத்தான் சொன்னார். இல்லத்துக்குள் தெரிவு செய்யப் பழகியவனுக்கு வெளியே வந்ததும் தெரிவு இல்லாமற் போகிறது என்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்த நல்ல வேலை பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இதற்குச் சட்டமூலமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. பொது நூலகங்கள் உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பில் இருப்பவை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பின்னர், 2025 மே தேர்தல் வரை, தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமலே அவை இயங்கின. போய்ச் சொல்லவும் ஆளில்லை. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள், மாதந்தோறும் கூட்டம் நடக்கிறது. நீதிமன்றக் கட்டளையின் கீழ் இல்லத்தில் இருந்து திரும்பும் 18 வயதுக்குட்பட்ட எவருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தரின் ஒப்பத்தைப் பிணையாளரின் ஒப்பமாக ஏற்றுக்கொள்வது என்றும், அந்தப் படிவத்தில் இல்லத்தின் பெயரோ வழக்கின் விபரமோ குறிப்பிடப்படக்கூடாது என்றும் தீர்மானமொன்றில் எழுதினால் போதும். இந்த இரண்டாவது நிபந்தனையை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எந்தச் சபையும் நிறைவேற்றிவிடக் கூடாது. உறுப்பினர் அட்டைக் கோப்பு நூலகத்தின் முன்மேசையில்தான் இருக்கிறது, அதை ஊரில் எவரும் புரட்டிப் பார்க்கலாம்.